ஆளற்ற தெரு: கட்டட நிழற்படம் பற்றிய ஓர் அறவியல் வினா

1838ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரத்தில், லூயி டாகெர் என்பவர் தமது இருப்பிடத்தின் மேன்மாடச் சாளரத்தருகே தாம் உருவாக்கிய கருவியை நிறுத்தி, கீழே நீண்டு சென்ற புல்வார் து டாம்பிள் என்னும் அகன்ற வீதியைப் படம்பிடித்தார். வெள்ளிப் பூச்சிட்ட செப்புத் தகட்டில் விழுந்த அப்படத்திலே கூரைகள், புகைபோக்கிகள், இருமருங்கும் நின்ற மரங்கள், சாளரங்களின் சட்டங்கள் ஆகிய யாவும் ஓவியன் எவனும் தீட்டவியலாத நுணுக்கத்துடன் பதிந்தன. ஆனால் வீதியில் மக்களைக் காணவில்லை. நாடகக் கொட்டகைகளுக்குப் பெயர்பெற்ற அவ்வீதி வண்டிகளும் குதிரைகளும் பாதசாரிகளும் ஓயாது செல்லும் வீதியாகும். தகடு ஒளியை ஏற்பதற்குச் சில நிமிடங்கள் தேவைப்பட்டமையால், அசைந்தவை யாவும் பதியாது மறைந்துபோயின. வீதியோரத்தில் ஒருவர் மாத்திரம் எஞ்சினார். தமது காலணிக்கு மெருகிடுவிப்பதற்காக ஒரு காலை உயர்த்தியவாறு அசையாது நின்றமையே அவர் எஞ்சியதற்குக் காரணம். 1839இல் இப்படத்தை நேரிற் கண்ட அமெரிக்கரான சாமுவேல் மோர்ஸ், சனநெரிசல் மிக்க அவ்வீதி ஒரேயொருவரைத் தவிர முற்றாக வெறிச்சோடிக் கிடப்பதாக வியந்து எழுதினார். ஒரேயொருவர் என்று அவர் கணக்கிட்டது கவனத்துக்குரியது. அம்மனிதரின் காலடியிற் குனிந்து காலணியைத் துடைத்துக்கொண்டிருந்த தொழிலாளியும் அங்கே இருந்தான். கைகள் இடையறாது இயங்கியமையால் அவனுருவம் ஒரு மங்கற் கறையாகவே பதிந்தது. பணிபெற்றவர் மனிதராகத் தெரிகிறார். பணிசெய்தவனைத் தேடித்தான் காணவேண்டியுள்ளது.

டாகெரின் தகட்டைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. அன்றைய இரசாயனம் அவ்வளவே. எனினும், கட்டடங்களையும் நகரங்களையும் படமெடுக்கும் கலையின் உள்ளே இன்றுவரை தொடர்ந்துவரும் ஒரு சிக்கல் அத்தகட்டிலேயே தோன்றிவிட்டது. அப்படத்திலுள்ள ஒவ்வோர் ஓடும் உண்மை. ஒவ்வொரு சாளரமும் உண்மை. ஆயினும் வெறுமையான வீதி என்று அப்படம் முழுமையாக உணர்த்தும் செய்தி பொய். பகுதிகள் யாவும் மெய்யாக இருக்க, முழுமை பொய்யாக இருத்தல் கூடுமோ? கூடுமாயின், அப்பொய்க்குப் பொறுப்பாளி யார்? படமெடுத்தவர் எதனையும் சேர்க்கவில்லை, எதனையும் அழிக்கவுமில்லை. பார்ப்பவரே வெறுமையை ஊகித்துக்கொள்கிறார். பொய்யுரைத்தல் என்பது வாயினாற் செய்யும் குற்றம் என்று கொண்டால், இங்கே குற்றவாளியென ஒருவருமில்லை. ஆயினும் ஒரு நகரத்து மக்கள் தமது வீதியின் படத்தைப் பார்த்து, ‘இதில் நாங்கள் எங்கே?’ என்று வினவுவார்களாயின், அவ்வினாவுக்கு விடையிறுக்கும் கடப்பாடு எவருக்கேனும் உண்டு.

கட்டடத்தைப் படமெடுத்தலில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்போர் உளர். போர்க்களத்தையும் பஞ்சத்தையும் படமெடுப்பவனிடம் அறம் பற்றிப் பேசலாம். கல்லும் செங்கல்லும் நோவறியா என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் எளிதில் ஏற்கத்தக்கதுபோற் காணப்படினும், ஒரு நகரத்தின் கட்டடங்கள் தாமாக எழுந்தவை அல்ல என்பதையும், அவற்றினுள்ளே மனிதர் இன்னும் வாழ்கின்றனர் என்பதையும் அது மறந்துவிடுகின்றது.

இத்துறையின் தொழின்முறை பற்றி ஈண்டுச் சிறிது கூறவேண்டும். கமராவை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் உயர்ந்த சுவர்களின் நிலைக்குத்துக் கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் பின்புறமாகச் சாய்வதுபோலத் தோன்றும். அதனைத் தவிர்க்கும்பொருட்டு, கமராவின் பின்பலகையை நேராக நிறுத்திவைத்து, முன்புறத்து வில்லையை மாத்திரம் மேலே உயர்த்தும் வழக்கம் மிகப் பழையது. அவ்வாறு உயர்த்தும்போது கோபுரமும் கூரைமுகடும் படத்தினுள் வருகின்றன. அதேயளவுக்கு அடிப்புறத்துத் தெரு படத்தைவிட்டு வெளியேறுகின்றது. மக்கள் நடமாடும் பகுதியை வெட்டித்தான் கட்டடத்தின் தலையைப் பெறவேண்டியுள்ளது. இதனுடன், நிழல்கள் நீண்டு விழும் அதிகாலை வேளையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. எவரேனும் ஒருவர் படத்தில் நிற்பாராயின், அவர் சுவரின் உயரத்தை மதிப்பிட உதவும் அளவுகோலாகவே நிற்கிறார்.

1851இல் பிரான்சின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணைக்குழு ஐந்து நிழற்படக் கலைஞர்களை நாடெங்கும் அனுப்பிப் பழைய தேவாலயங்களையும் கோட்டைகளையும் படமெடுக்கச் செய்தது. சீரமைக்கவேண்டிய கட்டடங்களின் நிலையைப் பதிவுசெய்தலே அதன் நோக்கம். நோயாளியின் உடலை மருத்துவர் பார்ப்பதுபோல அவர்கள் கட்டடங்களைப் பார்த்தனர். அங்கே ஆளற்ற வெளி குற்றமாகாது. ஆனால் நூற்றாண்டு முடிவடைவதற்குள், தேவையாற் பிறந்த வெறுமை சுவையாக மாறியது. உணர்திறன் மிக்க உலர்தகடுகள் வந்தபின்னர், நடந்து செல்பவரையும் பதிவுசெய்தல் இயல்வதாயிற்று. அதன் பின்னரும் ஆளற்ற தெரு விரும்பப்பட்டதாயின், அது இரசாயனத்தின் குறைபாடன்று, மனிதரின் தெரிவு. தெரிவு உள்ள இடத்தில் அறம் பற்றிய வினாவும் நுழைந்துவிடுகின்றது. இதனை விளங்கிக்கொள்வதற்குப் பெல்ஜியத்திலுள்ள புரூஜ் என்னும் நகரத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு ஐரோப்பாவிற் கிடைத்தல் அரிது.

1134ஆம் ஆண்டின் கடற்பெருக்கு வட கடலிலிருந்து ஸ்வின் என்னும் கழியொன்றை நிலத்தினுள்ளே அகழ்ந்துவிட, அதன் வழியாகப் புரூஜுக்குக் கடல்வழி திறந்தது. ஆங்கிலேயரின் கம்பளியும் பிளாண்டர்ஸ் நெசவாளரின் துணியும் இத்தாலிய வணிகரின் பணமும் அங்கே சந்தித்தன. 83 மீற்றர் உயரமான மணிக்கூண்டும், கால்வாய்க் கரைகளிற் படிக்கட்டுப்போல உயர்ந்து செல்லும் முகப்புக்களையுடைய வீடுகளும் அச்செல்வத்தின் பயனாய் எழுந்தவை. யான் வான் ஐக், ஹான்ஸ் மெம்லிங் ஆகிய ஓவியர்கள் பணியாற்றி மறைந்ததும் இந்நகரிலேதான். பின்னர் கழி மண்ணால் தூர்ந்தது. வணிகம் அன்ட்வேர்ப் நகருக்குச் சென்றது. இடித்துப் புதிதாகக் கட்டுவதற்குப் பணமில்லாமையால், பழைய வீடுகள் பழையபடியே நின்றன. இன்று பயணிகள் வியந்து போற்றும் அழகின் பெரும்பகுதி இவ்வாறு வறுமை காத்துத் தந்த அழகாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புரூஜ் பெல்ஜியத்தின் மிக வறிய நகரங்களுள் ஒன்றாயிருந்தது. 1840களிலே வீட்டு நெசவுத்தொழில் இயந்திர நெசவுக்கு ஈடுகொடுக்கவியலாது வீழ்ந்தது. 1845இல் உருளைக்கிழங்கு நோயும் வந்தது. பெருந்தொகையான குடும்பங்கள் நிவாரணத்தை எதிர்பார்த்து வாழ்ந்தன. பெண்களும் சிறுமியரும் சிறுகட்டைகளில் நூல்சுற்றி, திண்டின்மீது ஊசிகளிடையே பின்னும் ரேந்தைத் தொழிலில் ஈடுபட்டு மிகச் சொற்பக் கூலி பெற்றனர். கன்னியாஸ்திரிகள் நடத்திய ரேந்தைப் பள்ளிகளில் மிக இளம் வயதிலேயே இத்தொழில் பயிற்றப்பட்டது. தெருக்களில் வண்டிச்சத்தம் குறைவாயிருந்ததற்கு இதுவே காரணம். வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒன்றுமில்லாத நகரம் இயல்பாகவே அமைதியாக இருக்கும்.

இந்த அமைதியை உலகறியச் செய்தவர் ஜோர்ஜ் ரொடன்பாக் என்னும் எழுத்தாளர். 1855இல் துர்னே நகரிற் பிறந்து, கென்ட் நகரில் வளர்ந்து, 1888 முதல் பாரிஸில் வாழ்ந்தவர். பிரெஞ்சு மொழியில் எழுதியவர். ‘மாண்ட புரூஜ்’ என்று பொருள்படும் தலைப்புடைய அவரது நாவல் 1892இல் முதலில் பாரிஸ் பத்திரிகையொன்றிலும், அதே ஆண்டில் நூலாகவும் வெளிவந்தது. மனைவியை இழந்த ஊக் வியான் என்பவன், அவளது மறைவுக்கு ஒப்பான நகரம் இதுவே எனக் கருதிப் புரூஜிற் குடியேறுகிறான். அவளைப்போலத் தோற்றமளிக்கும் நடனப்பெண் ஒருத்தியைச் சந்திக்கிறான். ஈற்றில் இறந்த மனைவியின் கூந்தலாலேயே அவளைக் கொல்கிறான். கதை இவ்வளவே. நூலிலே முப்பதுக்கு மேற்பட்ட நிழற்படங்கள் இடம்பெற்றிருந்தன. நாவலில் நிழற்படங்கள் இடம்பெற்றமைக்கு மிக முற்பட்ட எடுத்துக்காட்டுக்களுள் ஒன்றாக இலக்கிய வரலாற்றாசிரியர் இதனைக் கருதுவர். நகரம் வெறும் பின்னணியாக நில்லாது, மாந்தரின் மனநிலையை ஆட்டுவிக்கும் பாத்திரமாகவே இக்கதையில் இயங்குகின்றது என்றும், ஆகவே அதன் தோற்றத்தை வாசகர் காணவேண்டும் என்றும் ஆசிரியர் முன்னுரையில் விளக்கினார். கால்வாய்கள், பாலங்கள், மணிக்கூண்டு, கன்னியர் மடத்து வாயில் எனப் பக்கத்துக்குப் பக்கம் படங்கள் வருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் மனிதரின் நடமாட்டம் தெரிவதில்லை.

இப்படங்கள் நாவலுக்கென எடுக்கப்பட்டவை அல்ல என்பது இங்கு மிக முக்கியமாகும். லெவி, நெர்டான் ஆகிய பாரிஸ் நிறுவனங்கள் பயணிகளுக்கு விற்பதற்காகத் தொகுத்து வைத்திருந்த காட்சிப்படங்களே நூலில் எடுத்தாளப்பட்டன. கடையில் விற்கும்போது ஒரு கால்வாயின் படம் கால்வாயின் படமாகவே இருந்தது; இடத்தின் பெயரைத் தவிர வேறெதனையும் அது சொல்லவில்லை. துக்கத்தில் ஆழ்ந்த ஒருவன் அக்கரையில் நடக்கும் பக்கத்திற்கு எதிரே அது வைக்கப்பட்டதும், அதே நீர் சாவின் நீராகிவிட்டது. நிழற்படத்தின் பொருள் அதன் மேற்பரப்பில் அடங்குவதில்லை. பக்கத்திலுள்ள சொல்லும் அதனை ஆக்குகின்றது. படமெடுத்தவரோ, படத்தை விற்றவரோ, புரூஜ் மாண்டுவிட்டது என்று கூற எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணாமலே அவ்வாறு கூறுவதற்குரிய சான்றினை அவர்கள் வழங்கியிருந்தனர். கடிதமொன்றில் எழுதப்பட்ட வாக்கியத்தை மற்றொருவர் தமது வழக்குக்குச் சான்றாகக் காட்டும்போது, எழுதியவர் முழுவதும் கைகழுவிவிட இயலாதவாறு போலவே இதுவும்.

நூல் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றது. 1920இல் கோர்ன்கோல்டின் இசைநாடகமாகவும் மறுபிறவி எடுத்தது. புரூஜ் நகரத்தாருக்கோ ஆத்திரம் மேலிட்டது. ஏனெனில் அதே ஆண்டுகளில் அவர்கள் தம் நகருக்குக் கடலை மீட்டுக் கொண்டுவரும் பெருமுயற்சியில் ஈடுபட்டிருந்தனர். கடற்கரையிற் புதிய துறைமுகம் அமைத்து, அங்கிருந்து நகருக்குக் கால்வாய் வெட்டும் திட்டம் அது. சீபுரூக் எனப்படும் அத்துறைமுகம் 1907இல் மன்னர் இரண்டாம் லியோபோல்டினால் திறந்துவைக்கப்பட்டது. ரொடன்பாக் இத்திட்டத்தை விரும்பவில்லை. 1897இல் வெளிவந்த, மணியிசைப்போன் ஒருவனைத் தலைமகனாகக் கொண்ட நாவலில், துறைமுகம் கேட்போரைப் பழமையின் அழகறியாதவர்களாகவும், அதனை எதிர்ப்பவனை நகரின் ஆன்மாவைக் காக்க முனைந்து தோற்பவனாகவும் சித்திரித்தார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். நண்பர்கள் புரூஜில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப விரும்பியபோது நகரம் இடங்கொடுக்க மறுத்துவிட்டது. ஜோர்ஜ் மின் என்னும் சிற்பி வடித்த அச்சின்னம் 1903இல் கென்ட் நகரில் நிறுவப்பட்டது.

இம்மறுப்பைச் சிறுநகரத்தாரின் குறுகிய மனப்பான்மை என்று இலக்கிய அன்பர் சிலர் கூறுவதுண்டு. அவ்வாறு கூறுவது எளிது. ரேந்தை பின்னும் பெண்ணுக்கு, தன் தெருவின் அமைதி கவிதையாகத் தோன்றவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அவளது மொழி பிளெமிஷ். நூலின் மொழி பிரெஞ்சு. தன்னைப் பற்றி எழுதப்பட்டதை வாசிக்கும் வாய்ப்பும் அவளுக்குப் பெரும்பாலும் இருந்திராது. ஒருவருடைய துன்பத்தின் வெளித்தோற்றத்தை மற்றொருவர் அழகெனக் கண்டு, அத்தோற்றம் கெடாதிருக்கவேண்டும் என்று கோருவாராயின், அக்கோரிக்கை துன்பமும் நீடிக்கவேண்டும் என்ற கோரிக்கையாகவே முடியும். ரொடன்பாக் கொடியவர் அல்லர். அந்நகரை உண்மையாகவே நேசித்தார். ஆனால் பாரிஸிலிருந்து நேசித்தார். வேலைவாய்ப்பு வேண்டும் என்று கேட்டோருக்கும், மௌனம் வேண்டும் என்று கேட்டவருக்கும் இடையிலான வழக்கில், மௌனத்தைக் கேட்டவர் அம்மௌனத்தினுள் வாழவேண்டிய தேவையற்றவர் என்பதை மறத்தல் தகாது.

மறுபக்கத்து நியாயத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். துறைமுகம் வேண்டியோர் யாவரும் ஏழைகளின் பசி கண்டு இரங்கியவர்கள் என்பதற்கில்லை. நிலத்திலும் ஒப்பந்தத்திலும் இலாபம் கண்டோரும் அவர்களிடையே இருந்திருப்பர். பழைய முகப்புக்கள் இடிக்கப்பட்டிருந்தால் பின்வந்த தலைமுறைகள் எதையோ இழந்திருக்கும் என்பதும் மெய்யே. கலைஞனின் கண் பல வேளைகளில் ஊராரின் கண்ணுக்கு முன்னே செல்கின்றது. ஆயினும் முன்னே செல்லும் கண், பின்னே நிற்பவரை இல்லாதவராகக் காணும் உரிமையைப் பெற்றுவிடுவதில்லை.

ரொடன்பாக்கின் நூலுக்கு முகப்போவியம் வரைந்த பெர்னான் க்னொப் குழந்தைப்பருவத்தைப் புரூஜிற் கழித்தவர். அவர் 1904இல் வரைந்த ‘கைவிடப்பட்ட நகரம்’ என்னும் ஓவியம் புரூஜின் மெம்லிங் சதுக்கத்தைக் காட்டுவது. வீடுகளின் முகப்புக்கள் நிழற்படம்போலத் திருத்தமாக அமைந்துள்ளன. ஆனால் சதுக்கத்து நடுவில் நின்ற மெம்லிங்கின் சிலையை ஓவியர் நீக்கிவிட்டார். பீடம் மட்டும் நிற்கிறது. தெருவரை கடல் ஏறி வந்துள்ளது. மூன்று ஆண்டுகளின் பின்னர் துறைமுகம் திறக்கப்படவிருந்த நகரத்தில், கடலின் வருகை ஓவியருக்குச் சாவாகவும் வணிகருக்குப் பிழைப்பாகவும் தோன்றியது. உயிருள்ள மனிதரை மட்டுமன்றிச் சிலையான மனிதரையும் அகற்றிவிடும் அளவுக்கு வெறுமையின் கவர்ச்சி வலியது போலும்.

அப்படியாயின், படத்தில் மனிதரைச் சேர்த்துவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? தீராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புரூஜின் தெருவாயிற் படிகளில் அமர்ந்து ரேந்தை பின்னும் மூதாட்டியரின் படங்கள் தபாலட்டைகளாகப் பெருமளவில் விற்பனையாயின. வெள்ளைத் தலையணி, மடியில் திண்டு, பின்னே பழைய சுவர். இங்கே மனிதர் இருக்கிறார்; ஆனால் சுவரின் ஓர் அலங்காரமாக இருக்கிறார். கூலி எவ்வளவு என்பது படத்தில் இல்லை. ஆளற்ற தெருவில் அவள் மறைக்கப்பட்டாள். தபாலட்டையில் அவள் கட்டடத்தோடு கட்டடமாக்கப்பட்டாள். இவ்விரண்டினுள் முன்னையதே மேலானது என்று வாதிடவும் இடமுண்டு. பிறரது முகத்தைத் தன் படத்துக்குத் துணைப்பொருளாக்க விரும்பாத கலைஞன், அவர் கடந்து செல்லும்வரை காத்திருந்து படமெடுப்பதில் ஒரு மரியாதையும் உண்டு. எனவே, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று எண்ணிப்பார்ப்பதனால் மட்டும் படத்தின் நேர்மையை அளவிட இயலாது.

படம் நகரத்தைக் காட்டுகிறது என்பதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. நாளடைவில் நகரமும் படத்தைப்போலத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. 1877 முதல் புரூஜ் நகரசபை, பழைய பாணியில் முகப்புக்களைச் சீரமைப்போருக்கு உதவிப்பணம் வழங்கியது. சந்தைச் சதுக்கத்தில் மத்திய காலத்துக் கட்டடமென்று பயணிகள் எண்ணிப் படமெடுக்கும் மாகாண அரச மாளிகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டில் நிறைவுற்றது. நகரத்தில் அதிகமாகப் படமெடுக்கப்படும் இடங்களுள் ஒன்றான சிறிய பொனிபாசியுஸ் பாலம், பாசிபடிந்து பல நூற்றாண்டு கண்டதுபோலக் காட்சியளித்தாலும், 1910இல் கட்டப்பட்டது. துறைமுகம் திறந்து மூன்று ஆண்டுகளின் பின் என்பதைக் கவனிக்க. நினைவுச்சின்னத்துக்கு இடம்மறுத்த நகரம், அவ்வெழுத்தாளர் கண்ட கனவின் சாயலிலே பாலம் கட்டிக்கொண்டது. இது வேடிக்கைபோலத் தோன்றினாலும் நகரத்தாரைப் பழிப்பதற்கில்லை. துறைமுகத்தைவிடத் தம் பழமையே கூடுதலாகப் பணம் ஈட்டித்தரும் என்பதை அவர்கள் மெல்ல உணர்ந்தனர். 2000ஆம் ஆண்டில் நகரத்தின் வரலாற்று மையம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. தங்களை மாண்டவர்களாகச் சித்திரித்த படத்தைக் கொண்டே அவர்கள் பிழைக்கக் கற்றுக்கொண்டனர். படத்தை விற்பவர் இப்போது அவர்களே. அது சிறிய வேறுபாடன்று.

வெறுமையை வேறு வகையிற் கையாண்டோரும் உளர். ஜேர்மனியிலுள்ள சீகன் நகரிற் பிறந்த பேர்ண்ட் பெஹரும் அவர்தம் துணைவியார் ஹில்லா பெஹரும் 1959 முதல் அப்பிரதேசத்துச் சிற்றூர்களின் மரச்சட்ட வீடுகளைப் படமெடுத்தனர். 1977இல் அவை நூலாக வெளிவந்தன. அப்படங்களிலும் மனிதர் இல்லை. நிழல் விழாத மப்பு வானம், நேர்முகமான பார்வை, ஒவ்வொரு வீடும் ஒரே அளவில். எனினும் புரூஜின் படங்களைப் பார்க்கையில் எழும் இனிய சோகம் இவற்றைப் பார்க்கையில் எழுவதில்லை. அவ்வீடுகள் சுரங்கத் தொழிலாளரும் இரும்புருக்குத் தொழிலாளரும் வாழ்ந்தவை. இரும்புருக்கும் உலைகளுக்கு மரக்கரி தேவைப்பட்டமையால், வீடு கட்டுவதற்குரிய மரத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1790இல் அங்கே விதிக்கப்பட்டது. அலங்காரத்துக்கென ஒரு சட்டமும் பொருத்துதல் ஆகாது. வெள்ளைச் சுவரில் ஓடும் கறுப்புச் சட்டங்கள் எளிமையாக அமைந்தமைக்கு உலையின் பசியே காரணம். பத்து வீடுகளை அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு, சட்டம், கூலி, மரத்தின் விலை, குடும்பத்தின் அளவு ஆகியவற்றைப் பற்றிய வினாக்கள் தாமாகவே எழுகின்றன. மனிதரைக் காட்டாமலே மனிதரைத் தேடச் செய்யும் படங்கள் இவை. புரூஜின் படங்கள் மனிதர் இல்லாமையை விரும்பச் செய்தன. தகட்டில் வேறுபாடு இல்லை; பார்ப்பவரை எத்திசையிற் செலுத்துகின்றன என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

இன்றைய புரூஜில் கமராவுடன் செல்வோர் பெரிதும் விரும்பும் மற்றோர் இடம், சிறு தோட்டமொன்றைச் சுற்றி வரிசையாக நிற்கும் வெள்ளையடித்த தாழ்ந்த வீடுகள். ‘கடவுளின் வீடு’ எனப் பொருள்படும் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. தொழிற்சங்கங்களும் செல்வந்தரும் வறிய முதியோருக்கும் கைம்பெண்களுக்குமெனக் கட்டிக்கொடுத்தவை. 1613ஆம் ஆண்டளவில் எழுந்த தொகுதியும் அவற்றுள் உண்டு. பலவற்றில் இன்றும் முதியோர் வசிக்கின்றனர். பயணி வாயிலினுள் நுழைகிறார். பூச்செடிகள், தாழ்ந்த சாளரம், பச்சைக் கதவு. கமராவின் கண்ணுக்கு இது நானூறு ஆண்டு அமைதி. சாளரத் திரைக்குப் பின்னே இருப்பவருக்கு, காலையிலிருந்து இருபதாவது முறையாக யாரோ ஒருவர் தமது வாசலில் நிற்கிறார். அவ்வீடு தானமாகப் பெற்றது என்பதால் அவரது வாசல் பொதுவிடம் ஆகிவிடுமா? செல்வந்தரின் மாளிகைக்கு உயர்ந்த மதிலும் வாயிற்காவலும் உண்டு. ஆகவே அது படத்திலிருந்து தப்பிவிடுகின்றது. வறியோருக்கென எழுந்த வீடு அழகாகவும் திறந்ததாகவும் இருப்பதால் அகப்பட்டுக்கொள்கின்றது. சட்டம் இங்கே அதிகம் உதவாது. பொதுவழியில் நின்று காணக்கூடிய கட்டடத்தைப் படமெடுத்தலைப் பல ஐரோப்பிய நாடுகளின் பதிப்புரிமைச் சட்டங்கள் அனுமதிக்கின்றன. பெல்ஜியமும் 2016இல் இவ்வுரிமையைச் சட்டமாக்கியது. ஆனால் அச்சட்டம் கட்டடக்கலைஞரின் உரிமையைப் பற்றியே பேசுகின்றது; குடியிருப்பவரின் அமைதியைப் பற்றியன்று.

ஒஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் இவ்வழக்கின் அண்மைக்கால அத்தியாயம். ஏரிக்கும் மலைக்கும் இடையே ஒடுங்கிய கரையில், ஏறத்தாழ எழுநூற்றைம்பது பேர் வாழும், பழைய உப்புச் சுரங்கத்தால் அறியப்பட்ட சிற்றூர். அங்கு வந்த சீனக் கட்டடக்கலைஞர்கள் படங்களும் அளவுகளும் எடுத்துச் சென்று, குவாங்டொங் மாகாணத்தில் அதன் நகலொன்றைக் கட்டுவதை ஊரார் 2011இல் அறிந்து திகைத்தனர். 2012இல் அந்நகல் திறக்கப்பட்டது. ஊர்த்தலைவரும் விழாவுக்குச் சென்றார். ஊரார் அடைந்த மனவருத்தம் ஆராயத்தக்கது. அவர்களது வீடுகளிலிருந்து ஓர் ஓடும் எடுக்கப்படவில்லை. ஆயினும் தம்மைக் கேளாமல் தம்முடையது ஏதோ எடுக்கப்பட்டதாக உணர்ந்தனர். அது என்னவென்று சொத்துரிமைச் சட்டத்தின் சொற்களாற் கூறுவது கடினம். மனிதர் தாம் வாழும் இடத்தின் தோற்றத்தைத் தமது முகத்தைப்போலக் கருதுகின்றனர் என்று கொண்டால் விளங்கிக்கொள்ளலாம்.

பின்னர் கூட்டம் பெருகியது. 2023 மே மாதத்தில், தேவாலயக் கோபுரமும் ஏரியும் ஒருங்கே தெரியும் இடத்தில், அனைவரும் நின்று படமெடுத்துக்கொள்ளும் காட்சியை மறைத்து மரப்பலகை வேலியொன்று எழுப்பப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களில் அது அகற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் ஊர்மக்கள் நூறு பேரளவில், பயணிகளின் பேருந்துகள் வரும் சுரங்கப்பாதையருகே கூடி நின்று மறியல் செய்தனர். புரூஜ் மக்கள் நூறாண்டுகளுக்கு முன்னர் தம்மீது சுமத்தப்பட்ட அமைதியை மறுத்துக் கப்பல்களைக் கேட்டனர். ஹால்ஸ்டாட் மக்கள் அமைதியையே கேட்டனர். அவர்களுடைய கோரிக்கைகள் இரண்டு: நாளொன்றுக்கு வருவோரின் தொகைக்கு ஓர் எல்லை வேண்டும், மாலை ஐந்து மணிக்குப் பின்னர் பேருந்துகள் ஊருள் நிற்றல் ஆகாது.